லாபம், ரெண்டு, மூணு

மணிமொழியின் மேசையைப் பார்த்தால் அதைப் பள்ளிக்கூடத்து மேசை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ஒரு பித்தளைப் படி. விளிம்பு நசுங்கிய டம்ளர்கள். தையல்காரர் வேண்டாமென்று கொடுத்த டேப். சட்டை மாட்டும் ஹேங்கரின் இரண்டு முனையிலும் கொட்டாங்குச்சியைக் கட்டித் தொங்கவிட்ட தராசு ஒன்று. இத்தனைக்கும் நடுவே ஒண்டக் கொஞ்சம் இடம் கேட்டுக்கொண்டு கிடக்கும் வருகைப் பதிவேடு.

தலைமையாசிரியர் பரசுராமன் நாலாம் வகுப்பைக் கடக்கும்போதெல்லாம் ஒரு நிமிஷம் நிற்பார். "இன்னிக்கி இன்னா கடை போட்டிருக்கீங்க, மேடம்?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார். கேலிதான். கேலிக்கு அடியில் எரிச்சலும் இருந்தது. தாழ்வாரம் முழுக்கத் தண்ணீரும் மணலுமாகக் கிடந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? மழைக்காலத்தில் அவரே ஒருமுறை வழுக்கி விழுந்திருக்கிறார்.

மணிமொழி இதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. தண்டராம்பட்டுப் பக்கத்தில் நெல் போடும் குடும்பம் அவளுடையது. அவள் படித்த பள்ளியில் ஸ்கேல் என்றால் புறங்கையில் விழுகிற சாமான். 'அடி ஸ்கேல்' என்று பெயர் வைத்ததே அடிப்பதற்காகத்தான் என்று பத்து வயதுவரை நம்பியிருந்தாள். அதில் கோடுகோடாகப் போட்டிருப்பது எதற்கு என்று ஒரு வாத்தியாரும் சொன்னதில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கில் ஒருமுறை கோட்டை விட்டாள். பிறகு எப்படியோ தேறி, ஆசிரியர் பயிற்சிக்குப் போன இடத்தில், ஒரு மேசையை அளந்து வரச் சொன்னார்கள். அளந்தாள். மேசையின் நீளம் தன் கையாலேயே தெரிந்துபோனதும் அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இவ்வளவுதானா? இதுக்கா அத்தனை அடி வாங்கினேன்?

அன்றைக்கு எடுத்த முடிவுதான். அவள் வகுப்பில் ஸ்கேல் அளக்க மட்டும். பிள்ளைகள் சாணாலும் முழத்தாலும் பென்சிலாலும் கரும்பலகையை அளப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு விடை வரும். ஏன் என்று அடித்துக்கொள்வார்கள். கடைசியில் ஸ்கேல் வரும். பூ வாங்கப் போனால் எந்தப் பூக்காரிக்கு முழங்கை குட்டை என்று பார்த்து வாங்குகிற பிள்ளைகள் அவளுடையவை. அடி அண்ணாமலையில் பூக்கடை வைத்திருப்பவர்களுக்கு அவளைக் கண்டாலே ஆகாது.

நல்ல டீச்சர்தான், சந்தேகமே வேண்டாம். அந்த நல்ல டீச்சர் ஒரு வெள்ளிக்கிழமை அவசரத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தாள். அது ஒரு கைக்குழந்தையின் உயிர்வரைக்கும் போய்விட்டது.

அன்றைக்குப் படியால் மணல் அளந்து காட்டிக்கொண்டிருந்தாள். தலைதட்டி அளப்பது எப்படி, குவியலாக அளந்தால் எவ்வளவு ஜாஸ்தியாகும் என்றெல்லாம் காட்டிவிட்டு, "எங்க வீட்டுல நெல்லு அளக்கும்போது முதல் படிய ஒண்ணுனு சொல்ல மாட்டாங்க. லாபம்னு சொல்வாங்க. லாபம், ரெண்டு, மூணு, அப்படிப் போவும்" என்றாள்.

பிள்ளைகளுக்கு அது பிடித்துவிட்டது. வகுப்பே "லாபம், லாபம்" என்று கூவியது. பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "ஏன் மிஸ் ஒண்ணுனு சொல்லக் கூடாது?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. நின்று பதில் சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்கு விடுகிற மணி அடிக்கப் போகிற நேரம். மணலை வேறு அள்ள வேண்டும். "அது சாமிக்குடா. எடுத்து வை பையை" என்று சொல்லிவிட்டாள்.

அவள் வீட்டில் இதற்கு விளக்கமே தேவைப்பட்டதில்லை. லாபம் என்று சொன்னாலும் அது ஒன்றுதான் என்பது களத்தில் தவழ்கிற குழந்தைக்கும் தெரியும். படியையே கண்ணால் பார்த்திராத பிள்ளைகள் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

அப்படிப்பட்ட பிள்ளைகளில் ஒருத்தி தேவிப்ரியா. மூன்றாவது பெஞ்சு, அதிகம் பேசாது. டீச்சர் மார்ஜின் இரண்டு விரல் விடச் சொன்னால் விரலை வைத்துப் பார்த்துத்தான் கோடு போடும். அப்பாவுக்குப் பெங்களூரில் கட்டட வேலை. அம்மா சரசு, பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் மோரும் வெள்ளரிக்காயும் விற்பவள். வீட்டுக்கு வருவது ரேஷன் அரிசி. அதை மூட்டையிலிருந்து சொம்பால் மொண்டு உலையில் போடுவார்கள், யாரும் எண்ணுவதில்லை. வீட்டில் இன்னொரு ஆள் உண்டு: இன்னும் நடை பழகாத தம்பி, மாறன். அவனை இடுப்பில் வைத்துத் தேவிப்ரியாவின் ஒரு பக்கத்து யூனிஃபார்மே எப்போதும் கசங்கியிருக்கும்.

வெள்ளிக்கிழமை போய்த் திங்கட்கிழமை வந்தது. அன்று பௌர்ணமி. முந்தின நாள் ராத்திரியே திதி பிறந்துவிட்டதால் காலையிலிருந்தே பாதையில் கூட்டம். பள்ளிக்கூடச் சுவருக்கு அந்தப் பக்கம் 'அரோகரா' சத்தம் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது.

வகுப்பில் ஒரு குட்டி வாளி, ஒரு டம்ளர். வாளி நிரம்ப எத்தனை டம்ளர் பிடிக்கும்? குழு குழுவாக வந்து ஊற்றிப் பார்த்தார்கள். எல்லாக் குழுவுக்கும் எட்டு. தேவிப்ரியாவின் குழுவுக்கு மட்டும் ஏழு.

"சிந்தியிருப்பா மிஸ்" என்றான் ஒருவன்.

மணிமொழி மறுபடி ஊற்றச் சொன்னாள். மறுபடியும் ஏழு. வகுப்பு சிரித்தது. மணிமொழிக்கோ உள்ளூரச் சந்தோஷம். ஒரே வாளி, ஒரே டம்ளர், விடை மட்டும் வேறு. இப்படி ஒரு தப்பு கிடைத்தால் அன்றைய பாடம் தானாக நடந்துவிடும்.

"வாய்விட்டு எண்ணி ஊத்து பாப்பம்" என்றாள்.

தேவிப்ரியா டம்ளரைத் தலைதட்டிப் பிடித்து, பக்தியோடு ஊற்றினாள். "லாபம்." அடுத்த டம்ளர். "ஒண்ணு." அடுத்தது. "ரெண்டு."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. மணிமொழிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "ஏன்டி, லாபத்தை எண்ண மாட்டியா நீ?"

"அது சாமிக்கு இல்லையா மிஸ்? நீங்கதான சொன்னீங்க." அதன் முகம் சுண்டிப்போயிருந்தது. "தம்பிக்கு மருந்துகூட அப்படித்தான் ஊத்துறேன்."

சிரித்த வாய் அப்படியே நின்றது. மணிமொழி அதன் அருகில் போய்க் குனிந்தாள். "எந்த மருந்து?"

"சளி மருந்து. சனிக்கிழம ராத்திரியிலேருந்து. ஃபில்லர்ல ஒண்ணு குடுக்கணும், மூணு வேளை."

ரப்பர் மூடியை அமுக்கிச் சொட்டு மருந்தை உறிஞ்சுகிற சின்னக் குழாய்க்கு ஊரில் ஃபில்லர் என்றுதான் பேர்.

"நீ எப்படிக் குடுக்குற?"

"மொதல்ல லாபம். அப்புறம் ஒண்ணு."

"லாபத்தைக் கீழ ஊத்திடுவியா கண்ணு?" கேட்கும்போதே, ஆமாம் என்று சொல்லிவிடு தாயே என்று மனசு கெஞ்சியது.

"தம்பிக்குத்தான் மிஸ். கொழந்தையும் சாமியும் ஒண்ணுனு அம்மா சொல்வாங்க."

மணிமொழி மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். ஒன்றுக்கு இரண்டு. சனிக்கிழமை ராத்திரியிலிருந்து. "அவன் இப்ப எப்படி இருக்கான்?"

"காலையில மருந்து குடிச்சதுலேருந்து தூங்கினே இருக்கான். கெளம்பும்போது அம்மா எழுப்பினாங்க, எழுந்துக்கல. கடை போடறதுக்குத் தொல்லை இல்ல, தூங்கட்டும்னு ஏணை கட்டுற புடவையில சுத்தித் தூக்கினு போயிட்டாங்க."

"மத்தியான மருந்து?"

"அம்மா குடுப்பாங்க. அன்னதானப் பந்தல்ல சோறு போட ஆரம்பிச்சதும் குடுத்துடும்மானு சொல்லியிருக்கேன்."

சரசுவின் எண்ணுக்குப் போன் போட்டாள். போகவில்லை. பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையில் போன் போனால்தான் அதிசயம். அத்தனை பேர் கையிலும் ஒரு போன். மறுபடி போட்டாள். மறுபடியும் அந்தப் பெண்குரல் மன்னிப்புக் கேட்டது. சத்தம் அடங்கிப்போன வகுப்பைக் கண்டு வாசலில் வந்து நின்ற பரசுராமனிடம் நடந்ததை நாலு வார்த்தையில் சொன்னாள். நான் இப்படிச் சொல்லிக் கொடுத்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. வேண்டுமென்று மறைக்கவில்லை, நேரமில்லை என்றுதான் அப்போது நினைத்தாள்.

அவர் கேலி ஏதும் பேசவில்லை. "கிளாஸ நான் பாத்துக்குறேன். பொண்ணைக் கூட்டினு போங்க, கடை எங்கனு அதுக்குத்தான் தெரியும். மெயின் ரோட்டுல வண்டி விட மாட்டாங்க, கொல்லை வழியாப் போங்க."

ஸ்கூட்டியின் பின்னால் தேவிப்ரியா அவள் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. நிலத்துக்குள் போகிற அந்தக் கொல்லை வழி கொஞ்ச தூரம்தான். அதற்கப்புறம் பாதையில் ஏறித்தான் ஆக வேண்டும். ஏறுகிற இடத்தில் இரும்புத் தடுப்பு. வெயிலில் நின்று களைத்த பெண் போலீஸ் ஒருத்தி கையை நீட்டினாள். "வண்டிக்கு அனுமதி இல்ல."

"கொழந்தை விஷயம்மா. மருந்து மாறிப்போச்சு."

"வண்டிய விட்டா நூறு பேரு பின்னாடியே வருவாங்க, மேடம். நடந்து போங்க. நான் வண்டியப் பாத்துக்குறேன்."

வாதாட நேரமில்லை. சாவியைக்கூட எடுக்காமல் வண்டியை விட்டுவிட்டு இறங்கி, தேவிப்ரியாவின் கையைப் பிடித்தாள். "எந்தப் பக்கம்?"

பிள்ளை செங்கம் ரோட்டுப் பக்கமாகக் கையைக் காட்டியது. அதாவது, ஊரே வந்துகொண்டிருக்கிற திசைக்கு நேர் எதிரே. மலையை வலது கைப்பக்கம் வைத்து வலம் வருகிற கூட்டத்துக்குள் இவர்கள் இரண்டு பேரும் இடமாகப் புகுந்தார்கள்.

எதிரே வருகிறவர்கள் வழிவிட்டால்தானே? தண்ணீர் பாட்டிலும் செருப்பில்லாத காலுமாகத் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வந்தார்கள். "எதிர்ல வராதீங்கம்மா." "கொழந்தைய இழுத்துக்குனு இப்படியா வர்றது?" திருநீறு பூசிய ஒரு பெரியவர் கைத்தடியையே குறுக்கே நீட்டிவிட்டார். "அப்பிரதட்சணமா வர்றியேம்மா, பாவம் இல்ல?"

"பாவம்தாங்க ஐயா. வழி விடுங்க" என்று தடியைத் தள்ளிவிட்டுப் போனாள்.

ஓட முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை. முண்டியடித்துப் பத்தடி போனால் கூட்டம் ஐந்தடி பின்னே தள்ளியது. தேவிப்ரியாவின் கை வியர்வையில் நழுவிக்கொண்டே இருந்தது. ஒருமுறை நழுவியே போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் வேட்டிகளும் புடவைகளும்தான். பெயர் சொல்லிக் கத்தினாள். ஒரு பலூன்காரனின் காலுக்குப் பக்கத்திலிருந்து பிள்ளை வெளியே வந்தது. அழவில்லை. "மிஸ், தம்பிக்கு இன்னா ஆவும்?" என்று மட்டும் கேட்டது.

"ஒண்ணும் ஆவாது. நட."

சொன்னாளே தவிர அவளுக்கே நம்பிக்கையில்லை. அன்னதானப் பந்தல் தெரிந்தது. அண்டாவின் மூடியைத் திறந்துவிட்டார்கள். சாம்பார் வாசனை பாதைவரை வந்தது. வரிசை பந்தலைச் சுற்றி வளைந்திருந்தது. சோறு போட ஆரம்பித்து எவ்வளவு நேரமாகியிருக்கும்? முதல் பந்தியா, மூன்றாவதா? இலையோடு வெளியே வந்த ஒருவனைக் கேட்கலாமென்று வாயைத் திறந்து, பதில் பிடிக்காத பதிலாக இருந்தால் கால் ஓடாது என்று மூடிக்கொண்டாள்.

"அதோ மிஸ், நீலத் தார்ப்பாய்."

சரசு இரண்டு கைகளாலும் மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். சுற்றி ஆட்கள். பின்னால் புங்கமரத்துக் கிளையில் பழைய புடவையில் கட்டிய ஏணை, ஆட்ட ஆளில்லாமல் சும்மா தொங்கியது. "இன்னா டீச்சர், பள்ளிக்கூடம் விட்டாச்சா?" என்று சிரித்தாள் சரசு.

"மருந்து குடுத்துட்டியா சரசு? மத்தியான மருந்து?"

"எங்க? கை ஒழிஞ்சாத்தான? அவன் எழுந்துக்கவே இல்ல. எழுந்ததும் குடுத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

மணிமொழி ஏணைக்குள் கையை விட்டுக் குழந்தையைத் தூக்கினாள். ஈரத் துணியைத் தூக்கினாற்போல் தொய்ந்து வந்தான். கண் பாதி மூடியிருந்தது. மூச்சு இருந்தது, ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே நெடுநேரம் போனது. உள்ளங்காலைக் கிள்ளினாள். முகத்தை லேசாகச் சுளித்தான், அவ்வளவுதான். அழவில்லை.

"பாட்டிலை எடு. கடைய அப்படியே போட்டுட்டு வா. ஒண்ணுக்கு ரெண்டா மருந்து போயிருக்கு."

சரசுவுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் பாய்ந்து போய்த் தேவிப்ரியாவின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "ஒவ்வொரு தபாவும் கேட்டேனேடி. ஒண்ணுதான குடுத்தேன்னு சொன்ன?"

"ஒண்ணுதாம்மா குடுத்தேன்."

அது பொய் சொல்லவில்லை. அதன் கணக்கில் அது ஒன்றுதான்.

அன்னதானப் பந்தலைத் தாண்டி மருத்துவ முகாம் கூடாரம். காலில் கொப்புளம் வந்தவர்களும் மயக்கம் போட்டவர்களும் உட்கார்ந்திருந்த பெஞ்சைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனார்கள். இளவயது டாக்டரம்மா குழந்தையை வாங்கி, கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்து, நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டாள். அவள் முகத்தில் இருந்த சாதாரணத்தனம் போய்விட்டது. கம்பவுண்டரிடம் ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொன்னாள்.

"இது ஜாஸ்தியானா தூக்கத்துல கொண்டுபோய் விட்டுடும். மொத்தம் எவ்ளோ உள்ள போயிருக்கு?"

யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. சரசு நடுவில் சில வேளை தானே கொடுத்ததாகச் சொன்னாள். எந்தெந்த வேளை என்று நினைவில்லை. தேவிப்ரியா விரல்விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் குழம்பி நிறுத்தியது. டாக்டர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். பழுப்பு பாட்டில், ஒட்டியிருந்த லேபிள் பாதியை மறைத்தது, கோடு கிடையாது.

"மிச்சத்தை அளந்துடலாங்க" என்றாள் மணிமொழி. "புது பாட்டில்தான? பதினஞ்சு மில்லினு போட்டிருக்கு. ஃபில்லர் ஒரு மில்லி. மிச்சம் எவ்ளோனு தெரிஞ்சா போனது தெரிஞ்சிடும்."

டாக்டர் ஒரு காலி டம்ளரை நகர்த்தி வைத்தாள்.

சனிக்கிழமை ராத்திரியிலிருந்து இன்று காலைவரை ஐந்து வேளை; அளவு தவறாமல் கொடுத்திருந்தால் மிச்சம் பத்து இருக்க வேண்டும். எல்லா வேளையும் இரட்டையாகப் போயிருந்தால் ஐந்து. மணிமொழி மனசுக்குள் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் ஃபில்லரை எடுத்தாள். ஐந்துக்குமேல் வரும் ஒவ்வொன்றும் அந்தக் குழந்தைக்குள் போகாத மருந்து.

"ஒண்ணு." டம்ளரில் விட்டாள். "ரெண்டு. மூணு." இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "நாலு. அஞ்சு."

பாட்டிலைச் சாய்த்தாள். சரசு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஃபில்லரில் மறுபடி மருந்து ஏறியது. முழுசாக ஏறியது.

"ஆறு."

இன்னும் சாய்த்தாள். அடியிலிருந்து மெதுவாக, குமிழ் விட்டுக்கொண்டு, கோடுவரைக்கும் வந்து நின்றது.

"ஏழு." அடுத்ததற்குக் காற்றுதான் வந்தது.

"பதினஞ்சுல ஏழு போனா எட்டு" என்றது தேவிப்ரியா, யாரும் கேட்காமலே.

"அஞ்சு போக வேண்டிய இடத்துல எட்டு" என்றாள் டாக்டர். மூச்சை விட்டாள், ஆனால் நெற்றி சுருங்கியேதான் இருந்தது. "பத்து போகல, அதுவரைக்கும் பரவாயில்ல. மத்தியானம் குடுக்காம விட்டீங்களே, அதுவும் நல்லதாப் போச்சு. கூடவே இருந்து பாக்கணும், பெரியாஸ்பத்திரிக்குப் போயிடுங்க." பிறகு தேவிப்ரியாவின் பக்கம் திரும்பினாள். "இத்தனூண்டு பொண்ணு கையில மருந்தக் குடுக்கலாமா? ஒண்ணுனா ரெண்டு ஊத்தணும்னு யாரு சொல்லிக்குடுத்தாங்க உனக்கு?"

பிள்ளை தரையைப் பார்த்தது. மணிமொழியைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று அதுவே முடிவு செய்துகொண்டது போலிருந்தது.

மணிமொழிக்கு அந்த நேரத்தில் என்னென்னவோ ஓடியது. வாளி, படி, தண்ணீர் என்று அவள் கட்டி வைத்திருந்த வகுப்பு. பரசுராமனின் முகம். வேங்கிக்கால் கல்வி அலுவலகத்துக்கு ஒரு புகார் போனால் என்ன ஆகும் என்பது. பிள்ளை சொல்லாது, சரசுவுக்குத் தெரியாது, வகுப்பு சொன்னாலும் சின்னப் பிள்ளைகள் பேச்சு; வாயை மூடிக்கொண்டிருந்தால் இது சின்னப் பிள்ளை செய்த தப்பாகவே போய்விடும். அடி வாங்கிய முதுகில் யூனிஃபார்ம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள்.

"நான்தாங்க" என்றாள். "முதல் அளவு லாபம், அது சாமிக்குனு கிளாஸ்ல சொன்னேன். நான் சொன்னதத்தான் அவ செஞ்சா."

சரசு குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டாள். ஆம்புலன்ஸ் வந்தது. சைரன் போட்டும் கூட்டம் அங்குலம் அங்குலமாகத்தான் விலகியது. குழந்தையின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்த சரசு, ரமணாசிரமத்தைத் தாண்டும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"என் பேச்சு இவளுக்கு ஒரு பேச்சே இல்ல டீச்சர். பல்லு விளக்கச் சொன்னாக்கூட, மிஸ் எப்படிச் சொன்னாங்க தெரியுமானு ஆரம்பிப்பா. நீங்க சொன்னா வேதம்." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலாம் என்றிருந்தது. "பாத்துப் பேசக் கூடாதா?"

மணிமொழி குழந்தையின் இன்னொரு காலை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினாள்.

பெரியாஸ்பத்திரியில் குழந்தையை உள்ளே எடுத்துக்கொண்டு போனார்கள். வராண்டாவில் சுவரோரம் தேவிப்ரியா உட்கார்ந்திருந்தது. மணிமொழி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தொடுவதற்குத் தயக்கமாக இருந்தது.

"உன்ன வீட்டுல இன்னானு கூப்புடுவாங்க?"

"பாப்பா."

"பாப்பாவும் தேவிப்ரியாவும் ரெண்டு பேரா?"

பிள்ளை தன் கால்விரலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"லாபம்னா ஒண்ணோட செல்லப் பேரும்மா. வேற ஒண்ணு இல்ல. சாமிக்குனு நான் சொன்னது தப்பு. மிஸ் தப்பாச் சொல்லிட்டேன்."

பிள்ளை கேட்டதா இல்லையா என்றே தெரியவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துச் சுவரோடு அழுத்திக்கொண்டிருந்தது. தண்ணீர் டம்ளரை நீட்டினால்கூடக் கை வரவில்லை. வாயருகே கொண்டுபோய்க் கொடுத்தபோது குடித்தது. மணிமொழிக்குத் தன் ஐந்தாம் வகுப்புப் புறங்கை நினைவுக்கு வந்தது. நான் ஸ்கேலை எடுக்காமலே இந்தப் பிள்ளையை அடித்துவிட்டேன் என்று நினைத்தாள். அந்த நினைப்பு வந்தபிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

வெயில் சாய்கிற நேரத்துக்கு உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. சிணுங்கலாகத் தொடங்கி, இருமி, பிறகு வார்டே திரும்பிப் பார்க்கிற அழுகையாக ஏறியது. சரசு எழுந்து ஓடினாள். அவனைக் கட்டிலில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். முகமெல்லாம் சிவந்து, ஊசி குத்திய கையை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தான். இத்தனை அழகான அழுகையை மணிமொழி அதற்குமுன் கேட்டதில்லை.

"தெளிஞ்சிட்டான்" என்றாள் நர்ஸ். "ராத்திரி இங்கயே இருக்கட்டும். இப்ப இந்த உப்புச் சர்க்கரைத் தண்ணிய விட்டு விட்டுக் குடுங்க. பத்து ஃபில்லர், அதுக்கு மேல வேணாம், வாந்தி எடுத்துடுவான்." ஒரு டம்ளரும் கோடு பளிச்சென்று தெரிகிற புது ஃபில்லரும் சரசுவின் கைக்கு வந்தன.

சரசு அவசர அவசரமாக ஊட்டப் பார்த்தாள். முதல் ஃபில்லர் குழந்தையின் கன்னத்தில் வழிந்தது. அவன் தலையைத் திருப்பிக்கொண்டான். மணிமொழி வாங்கிக்கொள்ளக் கையை நீட்டப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டாள். இன்றைக்கு அதைக் கேட்க அவளுக்கு வாயில்லை.

சரசு டீச்சரைப் பார்த்தாள். ஃபில்லரைப் பார்த்தாள். பிறகு கதவோரம் ஒண்டி நின்ற பெண்ணைப் பார்த்தாள்.

"பாப்பா, இங்க வா. உன் கையிலதான் துப்பாமக் குடிப்பான்."

தேவிப்ரியா அசையவில்லை.

"அடிச்சிட்டேன்டி, வலிக்குதா? வா. எண்ணி ஊத்து. நான் பக்கத்துலயே இருக்கேன்."

முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்தது. பிறகு இன்னொன்று. ரப்பரை அமுக்கித் தண்ணீரை உறிஞ்சியது பிள்ளை. வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, கோட்டைக் கண்ணுக்கு எதிரே பிடித்துப் பார்த்தது. கோட்டை அப்படிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவளும் மணிமொழிதான். அக்காவைப் பார்த்ததும் மாறன் அழுகையை நிறுத்தி வாயைத் திறந்தான்.

"லாபம்" என்றது தேவிப்ரியா.

சரசுவின் கை கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்தது. ஒண்ணுனு சொல்லு என்று மணிமொழியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பேசியது போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். ஃபில்லர் மறுபடி டம்ளருக்குள் இறங்கியது. ஏறியது. கோட்டில் நின்றது. குழந்தையின் உதட்டுக்குள் போனது.

"ரெண்டு."